பொய்யழுகைக் காட்சி

சேலையூர் காலனி ஆண்டு விழா நாடகத்தில் ஜமீருக்கு ராஜா வேஷம். பேர்தான் ராஜா. முதல் காட்சியில் தூங்க வேண்டும், தூக்கத்திலேயே குத்துப்பட்டுச் சாக வேண்டும், அப்புறம் பிணமாகக் கிடக்க வேண்டும். ஒரு வரி வசனம் கிடையாது. அவனைக் குத்திவிட்டு அரியணை ஏறும் சேனாதிபதி வேஷம், வழக்கம்போல சவுரிமுத்துவுக்கு.

கேம்ப் ரோட்டில் பைக் சீட் கவர் தைக்கும் ஜமீருக்கு வயிறு எரிந்தது. சேனாதிபதியின் வசனம் முழுக்க அவனுக்கு மனப்பாடம். ஒத்திகையில் பிணமாகப் படுத்தபடி வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்ப்பான். "பொணம் உதட்டை அசைக்குது!" என்று டைரக்டர் தோத்தாத்ரி சார் கத்துவார்.

சவுரிமுத்து சிநேகிதன்தான், மறுப்பதற்கில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே மச்சான், மச்சான் என்று தோளில் கை போட்டுத் திரிகிறவன். அவன் தொண்டைக்கு ஜில்லென்று எதுவும் ஆகாது என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். விழாவுக்கு முந்தின நாள் ஜமீர் அவனை ரோஸ்மில்க் கடைக்கு இழுத்துப் போனான்.

"எங்க பொண்ணு இரம் டென்த் பாஸாயிட்டா மச்சான். நீ குடிக்கலன்னா எப்டி?"

"பாப்பா பாஸா! அப்ப ஒண்ணு இன்னாத்துக்கு, ரெண்டா சொல்லு" என்றான் சவுரிமுத்து.

ஜமீர் கடைக்காரரிடம் போய், "ஐஸ் தூக்கலா போடுங்கண்ணா" என்றான் மெதுவாக.

மறுநாள் காலை சவுரிமுத்துவின் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. தோத்தாத்ரி சார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நாடகத்தில் பேசாத வேஷம் ஒன்றே ஒன்றுதான். ஆகவே இருவருக்கும் வேஷம் மாறியது. சவுரிமுத்து வாளைத் தன் கையாலேயே ஜமீரின் இடுப்பில் கட்டிவிட்டான். தன் மனைவி பேபி கொடுத்தனுப்பிய வெந்நீர் ஃபிளாஸ்கையும் அவனிடம் திணித்து, தொண்டையைத் தொட்டுக் காட்டி, பத்திரம் என்று ஜாடை செய்தான். ஜமீருக்கு அப்படியே ஓடிப்போய்விடலாம் போலிருந்தது. ஆனால் ஓடவில்லை. ஆசை விட்டால்தானே!

குத்துவதெல்லாம் நன்றாகவே நடந்தது. சிக்கல் அடுத்த காட்சியில். கொன்றவனே பிணத்தின் மேல் விழுந்து பொய்யழுகை அழ வேண்டும்.

"மன்னவா! தங்களைக் கொன்ற மாபாவி எவன்?"

கேட்டுவிட்டுக் குனிந்தான். சவுரிமுத்து கண்ணை மூடி, மூச்சை அடக்கி, அத்தனை சிரத்தையாகச் செத்துக் கிடந்தான். ஜமீருக்கு வசனம் போன இடம் தெரியவில்லை. நிஜ அழுகை பீறிட்டது. சவுரிமுத்துவின் நெஞ்சில் முகத்தைப் புதைத்து, "வேணும்னேதான்டா மச்சான் ஐஸ் தூக்கலா போடச் சொன்னேன். இந்த வேஷத்துக்கோசரம்" என்று விசும்பினான். மைக் தூரத்தில் இருந்தது புண்ணியம்.

பிணம் கொஞ்ச நேரம் பிணமாகவே இருந்தது. பிறகு உதடு அசையாமல், கரகரவென்று அடுத்த வசனத்தை எடுத்துக் கொடுத்தது.

"அந்தச் சதிகாரனை..."

"அந்தச் சதிகாரனைத் தேடிப் பிடிப்பேன்!" என்று எழுந்தான் ஜமீர். கைதட்டல் பந்தலைப் பிய்த்தது. முன்வரிசைப் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டார்கள்.

நாடகம் முடிந்ததும் ஆளாளுக்கு வந்து கை குலுக்கினார்கள். "அழுகைன்னா இது அழுகை!" என்று தோத்தாத்ரி சார் கட்டிக்கொண்டார். ஜமீர் அவரை விலக்கிக்கொண்டு வெளியே போய், சூடாக இரண்டு டீ வாங்கிவந்து, மேக்கப் கலைத்துக்கொண்டிருந்த சவுரிமுத்துவிடம் ஒன்றை நீட்டினான்.

சவுரிமுத்து டீயைப் பார்த்தான். முகத்தில் கோபம்கூட இல்லை.

"வேணாம் பாய்" என்றான், இன்னும் தேறாத குரலில்.

இத்தனை வருஷத்தில் சவுரிமுத்து ஜமீரைப் பாய் என்று கூப்பிட்டதே இல்லை.

"நீங்க குடிங்க."