மூன்றரை அடி வாசல்

அன்று காலை கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் தம்பி மகள் சௌந்தரி, எங்கள் அப்பா. அப்பா தொலைக்காட்சிக்குள் இருந்தார். இறந்து நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டதால் அவருக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

சௌந்தரி வீடியோ கேம்களை ஆடிப் பார்த்து மதிப்பெண் போடும் வேலை செய்கிறாள். கதையும் ஆட்டமும் எவ்வளவு ஒட்டியிருக்கின்றன என்று பார்ப்பது அவள் பொறுப்பு. இந்த முறை அவளுக்கு வந்த ஆட்டம் எங்கள் குடும்பம்.

கதையில் குறை இல்லை. வடக்குவீட்டார் யாருக்கும் தலை குனிந்ததில்லை என்று தொடக்கத்தில் ஒரு குரல் சொன்னது. உண்மை. கோயிலில் எங்களுக்குப் பரிவட்டம் கட்ட அர்ச்சகர் முக்காலி மேல் ஏறுவார். முக்காலியும் எங்களுடையது.

பிறகு ஆட்டம் தொடங்கியது. அப்பா என் தங்கை வள்ளிமயிலின் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவள் எங்களைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டவள். வாசலின் உயரம் மூன்றரை அடி. அப்பா ஆறடி. உள்ளே தங்கை இலை போட்டுவிட்டுக் காத்திருந்தாள். வெளியே மழை பெய்தது.

"சதுர பட்டனை அமுக்கினா குனிவாரு," என்றாள் சௌந்தரி.

"அமுக்காதே."

"அப்ப ஆட்டம் நகராது பெரியப்பா."

"நகர வேண்டாம்."

"கதை குனிய மாட்டாருங்குது. வாசல் குனிங்குது. ரெண்டும் ஒட்டலையே. நாலு மார்க்குதான் போடுவேன்."

வடக்குவீட்டுக்குப் பத்துக்கு நாலு. என் வாழ்நாளில் கேட்டதில்லை.

உண்மையில், உயிரோடு இருந்தபோது அப்பா அந்த வாசலோடு திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு நானும் அங்கே போகவில்லை. ஆட்டத்தில் திரும்பிப் போவதற்குப் பட்டன் இல்லை.

புகார் கொடுக்கப் போனேன். ஆட்டத்தின் அலுவலகம் எங்கள் தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. தாழ்வாரம் வழக்கமாக இருபது அடி. அன்று நடந்து முடிப்பதற்குள் செருப்பு தேய்ந்துவிட்டது. அலுவலக ஜன்னல் என் முழங்கால் உயரத்தில் இருந்தது. அதிலிருந்து ஒரு கை நீண்டது.

"என்ன வேணும்?"

"வாசலை உயர்த்தணும்."

"குனிஞ்சு சொல்லுங்க. காது கேக்கல."

"நின்னுக்கிட்டுதான் சொல்லுவேன்."

"அந்த வீட்டுப் புள்ளைதான் நீங்க. வாசல் உசராது. ஆளை மாத்தலாம்."

கை ஒரு சீட்டைக் கொடுத்தது. அப்பாவின் பெயரை அடித்து என் பெயரை எழுதியிருந்தார்கள்.

திரும்பி வந்தபோது மழைத் தண்ணீர் அப்பாவின் முழங்காலைத் தொட்டிருந்தது. எங்கள் கூடத்திலும் அதே அளவு. சௌந்தரி கால்களை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை இலையை எடுக்கப் போறாங்க பெரியப்பா. எடுத்துட்டா ஆட்டம் முடிஞ்சுது."

"மறுபடி ஆட முடியாதா?"

"இதுல ஒரு உயிருதான்."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

"எனக்கு நின்னு பழகிடுச்சு. நீ போ," என்றார்.

சீட்டைத் தொலைக்காட்சியில் ஒட்டினேன். தொலைக்காட்சியின் உயரமும் மூன்றரை அடி. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

வள்ளிமயில் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கு முழுவதும் நரைத்திருந்தது.

"சாம்பார் ஆறிப்போச்சு," என்றாள்.

"பரவாயில்லை."

"அதை நீ சொல்லக் கூடாதுண்ணே. நான்தான் சொல்லணும்."

"சரி, சொல்லு."

"மொதல்ல சாப்பிடு."

கண்ணாடிக்கு வெளியே சௌந்தரி நாலை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினாள். அந்த ஒன்றை ஏன் குறைத்தாள் என்று நான் கேட்கவில்லை. அப்பா இன்னும் மழையில் நின்றுகொண்டிருந்தார்.

வடக்குவீட்டு மூத்தவன் தங்கை வாசலில் தலை குனிந்தான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. தலை நிமிர்ந்தே இருந்தது. நான் முழங்காலால் நடந்து போனேன்.