ஐம்பத்தெட்டு விநாடி

பெரியத்தா ஹபீப் முஹம்மது வாயைத் திறந்தால் தம்பி மகள் முஸ்கான் ஒலிம்பிக் வீராங்கனை. கோட்டக்குப்பம் முழுக்க அப்படித்தான் அளந்து வைத்திருந்தார். உண்மையில் அவள் ஒலிம்பிக் வாசலைக்கூட மிதித்ததில்லை. பெர்த்தில் பிறந்து, பதினாலு வருஷம் விடியற்காலையில் எழுந்து மல்லாந்து நீந்தி, ஆஸ்திரேலியத் தேர்வில் நூறு மீட்டரை அறுபதே கால் விநாடியில் முடித்தாள். அறுபதுக்குள் வந்திருந்தால் டீமில் இருந்திருப்பாள். அப்புறம் தோள்பட்டையில் ஆபரேஷன், அதோடு சரி.

தன் மகள் கல்யாணத்துக்கு வந்தவளைப் பெரியத்தா மரக்காணத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். உப்பள முதலாளி ஆதிமூலம் நீச்சல் பள்ளி தொடங்குகிறாராம். பள்ளியாவது மண்ணாவது! கடல்தண்ணீரைத் தேக்கிக் காயவைக்கும் குட்டை அது. இடுப்பளவுத் தண்ணீர், சுற்றி நாலு கொடி, ஒரு ஃபிளெக்ஸ்.

"ஒரு புள்ளகூட முழுகலைம்மா! ஒரே நாள்ல மல்லாக்க மெதக்குதுங்க," என்றார் ஆதிமூலம், என்னமோ அவரே கீழே கை கொடுத்துத் தாங்கியதுபோல.

முஸ்கானுக்கு எரிச்சலாக வந்தது. அவ்வளவு உப்பில் அம்மிக்கல்லைத் தவிர எல்லாமே மிதக்கும். இங்கே கற்றுக்கொண்ட தைரியத்தில் ஒரு பிள்ளை நாளைக்குக் கிணற்றில் குதித்தால் என்ன ஆகும்? இந்த மனுஷனுக்கு அது தெரியவில்லை, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை.

"ஆஸ்திரேலியத் தரம்னு ஒரு கையெழுத்து போடுங்க, போதும். பெத்தவங்க நம்பி சேத்துடுவாங்க." சர்டிபிகேட்டை நீட்டினார்.

"போட மாட்டேங்க. புள்ளைங்க நல்ல தண்ணியில முழுகிடும்."

"ஏம்மா, என் மானத்த வாங்காத," என்று பல்லைக் கடித்தார் பெரியத்தா.

ஆதிமூலம் அசரவில்லை. "நீங்களே எறங்கிப் பாத்துட்டு சொல்லுங்க. நூறு மீட்டரு, கரெக்டா அளந்திருக்கேன்."

அளந்த லட்சணம் தெரிந்ததுதான். உப்பளத்தில் பாத்தி பிரிப்பதுபோல வரப்பில் நடந்து காலடியை எண்ணியிருக்கிறார். ஆள் குள்ளம், அடியும் குட்டை. இந்தக் கோமாளித்தனத்தைப் பார்த்து அவர் முகத்துக்கு நேராகவே சிரித்துவிட வேண்டும் என்றுதான் முஸ்கான் சுடிதாரோடு இறங்கினாள்.

பெரியத்தா கையைத் தட்டினார். முஸ்கான் கரையை உதைத்தாள். தண்ணீர் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டது. தோள் வலிக்கவே இல்லை. மறுகரையில் கை பட்டபோது, செல்போனோடு நின்ற ஆதிமூலம் கத்தினார்: "அம்பத்தெட்டு!"

தண்ணீரும் பொய், தூரமும் பொய். அது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அங்கே வேறு யாருக்கும் தெரியாது. இருந்தும் எழுந்து வந்து போனை வாங்கிப் பார்த்தாள். கண்ணில் உப்பு எரிந்தது. துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

ஆதிமூலம் தயங்கித் தயங்கி மறுபடி சர்டிபிகேட்டை நீட்டினார். முஸ்கான் ஈரக்கையைப் பெரியத்தாவின் துண்டில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

"இந்த டைமையும் இதுல எழுதுவீங்களா?" என்று கேட்டாள்.