கூடுதல் ஓட்டுநர் இல்லை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில், வாடகைக் கார் அலுவலக வரிசையின் கடைசி ஆளாகக் கால் கடுக்க நின்றபோது கிடைத்தது. எனக்கு முன்னால் இருந்த மனிதர் கவுன்ட்டர் பெண்ணிடம் இன்சூரன்ஸ் பற்றித் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் எரிச்சல் வந்தது. பிறகு அவர்மேல் பிரியம் வந்துவிட்டது. ஏன் என்று எழுதித்தான் பார்க்க வேண்டும்.

2

தொடக்கம் ஒன்று: மழை பெய்து ஓய்ந்த அந்த மாலையில் அவர்—

வேண்டாம். மழையே பெய்யவில்லை.

தொடக்கம் இரண்டு: அவர் ஒரு சர்வேயர். நிலம் அளக்கிறவர் இல்லை. அடிபட்ட கார்களைக் குனிந்து பார்த்து, இன்சூரன்ஸ் கம்பெனி எவ்வளவு தரலாம் என்று சொல்கிறவர். (இது என் ஊகம். அப்படிக் கேள்வி கேட்க வேறு யாரால் முடியும்?) விதிமுறைகளைக் கரைத்துக் குடித்தவர். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பேத்தியைப் பார்க்க மனைவியோடு வந்திருக்கிறார். மகள் வீட்டுக்குக் காரில்தான் போக வேண்டும்.

"வண்டி இடிச்சா எங்க தலையில எவ்வளவு விழும்?"

"ஒரு வரம்பு வரைக்கும் நீங்க கட்டணும் சார். அதுக்கு மேல நாங்க பாத்துக்குவோம். கொஞ்சம் கூடுதலா கட்டினா அந்த வரம்பும் இல்ல."

"கண்ணாடி, டயர், அடிப்பக்கம்?"

"அதெல்லாம் இதுல வராது. தனியா எடுக்கணும்."

"அதானே பாத்தேன். அதையும் போடுங்க."

(அந்தப் பெண் தமிழ் பேசவில்லை. என் கதையில் பேசுகிறாள்.)

3

அவர் கார் ஓட்டுவதில்லை. [முதல் வரைவில் 'ஓட்டத் தெரியாது' என்று எழுதி அடித்துவிட்டேன்.] நன்றாக ஓட்டியவர்தான். ஒருநாள் எதிரே வந்த லாரிக்காக வண்டியை ஒடித்ததில் கார் பாலத்துச் சுவரில் மோதியது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில் இருந்த மனைவிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவள் குணமாகிவிட்டாள், அவர் ஆகவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? அன்றிலிருந்து வீட்டில் பேப்பர் வேலை அவருக்கு, ஸ்டீயரிங் அவளுக்கு.

ஆனால் ஆனைக்கும் அடி சறுக்கும். லைசென்ஸ் கேட்டபோது, கையெழுத்துப் போடுகிறவர் தாம்தானே என்று தம்முடையதைக் கொடுத்தார். "வேற யாராவது ஓட்டுவாங்களா?" என்றாள் கவுன்ட்டர் பெண். மரக்கிளை விழுந்து கூரை நசுங்கினால் யார் பொறுப்பு என்ற யோசனையில் இருந்தவர், "இல்லம்மா, ஒருத்தர்தான் ஓட்டுவாங்க" என்றார். அவர் மனதில் இருந்தது மனைவி.

4

என் முறை வந்ததும் கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. காத்திருந்த நேரத்தில் கண்ணாடிச் சுவர் வழியாக அவர்களைப் பார்த்தேன். வெளியே பேசியது கேட்கவில்லை. எழுதுகிறேன்.

காரைக் கொண்டுவந்து நிறுத்திய ஊழியர் சாவியை அவரிடம் நீட்டினார்.

"எங்க வீட்டம்மாகிட்ட குடுங்க."

"அவங்க பேரு இதுல இல்லையே சார். அவங்க ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா, நீங்க எடுத்த எந்த இன்சூரன்ஸும் செல்லாது. உள்ள போய்ச் சேர்த்துட்டு வாங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. இதே காரணத்தைச் சொல்லி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார்! "இரும்மா, சேர்த்துட்டு வந்துடறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டு திரும்பினார். அவள் முன்கதவைத் திறந்து, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

(இவள்மேல் எனக்குச் சந்தேகம். பெட்டிகளுக்குக் காவலாக அவருக்குப் பின்னாலேயே நின்றவளுக்கு அந்த 'ஒருத்தர்தான்' காதில் விழாமலா போயிருக்கும்? அப்போதே ஏன் வாய் திறக்கவில்லை? கேட்டேன். "நீங்க எழுதற வேலையப் பாருங்க" என்றுவிட்டாள்.)

"என்ன இது? இறங்கு. நீதானே ஓட்டணும்?"

"ஏங்க, பக்கத்துல உக்கார்றவங்களுக்கு அடிபட்டா, அதுக்கும் இன்சூரன்ஸ் எடுத்தீங்களா?"

"மொதல்ல அதைத்தான் எடுத்தேன்."

"அப்புறம் என்ன? எனக்குப் பயம் இல்லீங்க. வாங்க, ஏறுங்க."

5

முடிவு அ: உள்ளே வந்து மனைவி பெயரைச் சேர்க்கிறார். இதில் கேவலம் ஒன்றும் இல்லை. பேத்தியை எப்படியும் பார்த்துவிடுவார்கள்.

முடிவு ஆ: அவர் கதவைத் திறந்து, கை நடுங்க—

இந்த வாக்கியத்தை முடிக்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் என் ஆசைக்காக அவரை ஏற்றிவைக்க மனம் வரவில்லை. அந்த நடுக்கம் அவருடையது.

கடைசியாக நான் பார்த்தது இதுதான்: கையில் சாவியோடு அவர் நிற்கிறார், உள்ளே அவள் நேராகச் சாலையைப் பார்த்தபடி இருக்கிறாள். அவசரப்படுத்தவில்லை. அதற்குள் கம்ப்யூட்டர் சரியாகி, கவுன்ட்டர் பெண் என்னைக் கூப்பிட்டுவிட்டாள்.

லைசென்ஸை எடுத்து நீட்டும்போது வெளியே ஒரு கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அதே நேரம் என் முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து வரிசையில் நின்றார்கள். இரண்டில் ஒன்று அவர்.

நான் திரும்பவில்லை. நீங்கள் பாருங்கள்.