பன்னிரண்டாம் இலக்கம்

கனகசிங்கம் மொன்றியலுக்கு வருகிறான் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு யோகமலர் ஒரு கிலோ வெங்காயத்தை நிறுத்தாமல் அரிந்து தள்ளினாள். கண்ணீருக்கு வெங்காயம் நல்ல சாட்டு. உள்ளே இருந்ததோ அழுகை இல்லை. மூன்றேகால் வருடமாக அணையவிடாமல் ஊதி ஊதி வைத்திருந்த ஆத்திரம். அவனை நேரில் கண்டால் என்ன கேட்கவேண்டும், எப்படிக் கேட்கவேண்டும் என்று பஸ்ஸிலும் மெத்ரோவிலும் தையல் தொழிற்சாலையிலும் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கியிருந்தாள்.

கனகசிங்கம் ஆட்களை எடுப்பிக்கிற ஏஜென்ட். கொழும்பிலிருந்து கிழக்கு பெர்லின், அங்கிருந்து டென்மார்க், அங்கிருந்து கனடா என்று சனத்தைத் தள்ளிவிடுவது அவன் தொழில். இருப்பது கொப்பன்ஹேகனில். புது ஆட்கள் பிடிக்கத்தான் இந்தப் பயணம். எண்பத்தெட்டாம் ஆண்டு மாசி மாதம், ஒரு ஞாயிறு பின்னேரம், நகருக்கு வெளியே ரொக்ஸ்பரோவில் சிவராசா வீட்டு நிலக்கீழ் அறையில் ஸ்லைட் படம் போட்டுக் காட்டப்போகிறானாம். பிள்ளைகளை அனுப்பப்போகிற தாய்தகப்பன் பயப்படக்கூடாதல்லவா, வழியில் தங்கப்போகிற ஊர் எவ்வளவு வடிவு என்று கண்ணால் காணட்டுமாம். ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுத கதைதான்.

அந்த ஆடுகளில் முதலாவது அருளம்மா. திருகோணமலை ஆள், இப்போது மொன்றியலில், ஐம்பது வயது, புருசன் இல்லை. ஒரே மகள் கிறேஸ், பத்தொன்பது வயதுப் பெட்டை, கொழும்பில் ஒரு லொட்ஜ் அறைக்குள் நாலு மாதமாக அடைந்து கிடந்தாள். அவளைக் கனகசிங்கத்தின் கையில் ஒப்படைப்பது என்று அருளம்மா முக்கால்வாசி முடிவெடுத்துவிட்டாள். யோகமலர் வாயைத் திறந்தால் அந்தப் பிள்ளை தப்பும். ஆனால் திறந்தால் அரையும் குறையுமாக நிறுத்த முடியாது, முழுதையும் கக்கவேண்டும். அந்த முழுக்கதை அவளுடைய புருசன் மார்க்கண்டுவுக்கே தெரியாது.

கதை இதுதான். எண்பத்துநாலாம் ஆண்டு கார்த்திகையில், முன்னமே மொன்றியலுக்கு வந்துவிட்ட மார்க்கண்டுவிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொல்லிக் கனகசிங்கம் யோகமலரைக் கொப்பன்ஹேகன் வரைக்கும் கொண்டுவந்தான். டிக்கெட் போடவேண்டும் என்று பாஸ்போட்டை வாங்கிக்கொண்டான். நகரமண்டபத்துச் சதுக்கத்தில் அவளை நிறுத்தி, சுற்றுலாக் கந்தோரில் சும்மா கொடுக்கிற ஒரு மடிப்புத் தாளைக் கையில் வைத்தான். வழிகாட்டி இல்லாமல் தன்பாட்டில் நடந்தே பழைய நகரத்தைப் பார்க்கிறவர்களுக்கான தாள் அது. ஒன்று முதல் பன்னிரண்டு வரை இலக்கம் போட்ட வரைபடம், ஒவ்வொரு இலக்கத்துக்கும் இங்கிலிஷில் நாலு வரி.

“இதைக் கையிலை பிடிச்சுக்கொண்டு நடவும். பொலிஸ் உல்லாசப் பயணி எண்டு நினைக்கும், ஒண்டும் கேளாது,” என்றான். “பன்னிரண்டாம் இலக்கத்திலை நாலு மணிக்கு டிக்கெட்டோடை நான் நிப்பன்.”

நடந்தாள். வாகனம் ஓடாத நீளக் கடைத்தெரு, பழைய வணிகர் மண்டபம், மரக்கப்பல்கள் கட்டிய வாய்க்கால், அரசமாளிகை, எல்லாம் பார்த்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். பன்னிரண்டாம் இலக்கம், கல்லின்மேல் குந்தியிருக்கிற ஒரு கடற்கன்னிச் சிலை. நாலு மணிக்கே இருட்டிவிட்டது. கனகசிங்கம் வரவில்லை.

வேறு ஆளென்றால் அங்கேயே அவனைத் திட்டித் தீர்த்திருக்கும். யோகமலர் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தவள். கணக்குப் பிழைத்தால் முதலில் தன்னைத்தான் சந்தேகப்படுவாள். நான்தான் இலக்கத்தை மாறி எண்ணிவிட்டேனோ, நான்தான் பிந்திவிட்டேனோ என்று அடுத்தநாள் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒன்பது நாள், ஒரு சோடிச் செருப்பு, ஒரு மெல்லிய கோட். தாளில் இருந்த இங்கிலிஷ் முழுதும் பாடமாகிவிட்டது. ஆறாம் நாள், யாரோடும் பேசக்கூடாத அரசமாளிகைக் காவல்காரப் பொடியன்கூட அவளைக் கண்டு தலையை ஆட்டினான். முன்பின் தெரியாத வெள்ளைக்காரனுக்கு இருந்த இரக்கம் அந்த நாசமாய்ப் போனவனுக்கு இருக்கவில்லை.

பத்தாம் நாள், ரயில் நிலையத்தில் கூட்டித் துடைக்கிற ஒரு மனுசி அவளைக் கையில் பிடித்துச் செஞ்சிலுவைக்காரரிடம் கொண்டுபோய் விட்டாள். பதினொரு மாதம் கழித்து மொன்றியலுக்கு வந்துசேர்ந்தபோது, கன்னியாஸ்திரி மடத்தில் வைத்திருந்தார்கள் என்று மார்க்கண்டுவிடம் சொல்லிவிட்டாள். ஒன்பது இரவு தனியாக ஒரு பொம்பிளை என்றால் சனம் என்ன கதைக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூடலாமா?

ஞாயிறு பின்னேரம் சிவராசா வீட்டில் பதினைந்து பேர் வரையில் கூடியிருந்தார்கள். கனகசிங்கம் கோட்டும் கழுத்துப் பட்டியுமாகப் பூரித்துப்போய் நின்றான். பலகாரம் பரிமாறிக்கொண்டிருந்த யோகமலரை அவன் நேருக்கு நேர் பார்த்தான். அடையாளம் தெரியவில்லை. “தங்கச்சி, இன்னும் ரெண்டு றோல்ஸ் வையுங்கோ,” என்று தட்டை நீட்டினான். அவன் மறைத்திருந்தால், பயந்து முகத்தைத் திருப்பியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். மறந்தே போய்விட்டான் பாருங்கள். அவள் இரண்டு றோல்ஸை எடுத்து வைத்தாள்.

திரைச்சீலையை இழுத்துவிட்டு லைற்றை அணைத்தார்கள். ஸ்லைட் மெஷினை இயக்குகிற வேலையை மார்க்கண்டுவிடம் கொடுத்திருந்தான் கனகசிங்கம். மார்க்கண்டு பாவம், தொழிற்சாலையில் பெட்டி தூக்குகிற மனுசன், பதினைந்து பேருக்கு முன்னால் ஒரு பொறுப்புக் கிடைத்த சந்தோசத்தில் மெஷினுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து இருந்தான். பொத்தானை அமர்த்த அமர்த்த வெள்ளைச் சுவரில் படங்கள் மாறின.

நகரமண்டபம். கடைத்தெரு. பாம்பு வால்கள் பின்னினதுபோல் கோபுரம் வைத்த கட்டடம். அது ஒரு தேவாலயம் என்றான் கனகசிங்கம். வணிகர் மண்டபமடா மடையா என்று யோகமலர் மனதுக்குள் சொன்னாள். வாய்க்கால் கரையில் நிறம் நிறமாக வீடுகள் வந்தபோது சனம் வாயைப் பிளந்தது. பிள்ளையள் இந்த ஊரிலை ராசாத்தி மாதிரித் திரிவினம், ஒரு பயமும் இல்லை, இரண்டே நாளில் விமானம் ஏற்றிவிடுவேன் என்று அவன் அளந்துகொண்டு போனான். அருளம்மா முன்வரிசையில் கையைக் கூப்பியபடி இருந்தாள். கடைசியாக, மாடுகளைச் சாட்டையால் அடித்து ஓட்டுகிற ஒரு பொம்பிளையின் சிலை வந்தது. அவ்வளவுதான் என்று கனகசிங்கம் கையைத் தட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள்.

“பன்னிரண்டாம் இலக்கம் எங்கை?” என்றாள் யோகமலர்.

அவன் சிரித்துக்கொண்டே என்ன தங்கச்சி என்று கேட்டான்.

“இது பதினொண்டு. இதைத் தாண்டிக் கரையாலை போனா, கல்லிலை இருக்கிற கடற்கன்னி. அந்த ஊருக்குப் போற எல்லாரும் அதைத்தான் முதல் படம் எடுப்பினம். உம்மட்டை மட்டும் இல்லை. ஏனெண்டா நீர் அங்கை ஒருநாளும் வரேல்லை. நான் ஒம்பது நாள் வந்தனான்.”

பிறகு அவள் ஒன்றிலிருந்து தொடங்கினாள். இருட்டில் எழும்பி நின்று, தாளில் இருந்த ஒழுங்கிலேயே, எந்த இடத்தில் என்ன இருக்கும், எந்த மூலையில் எந்த நாள் இருந்து காலைத் தேய்த்தாள், எந்தக் கடைக்காரன் துரத்தினான், எந்த இடத்தில் செருப்பு அறுந்தது என்று ஒன்றும் விடாமல் சொன்னாள். மூன்றேகால் வருடப் பாடம், ஒரு சொல் பிசகவில்லை. பாஸ்போட் போன கதையையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவன் முகத்தை வடிவாகப் பார்க்க முடியாதபடி இருட்டு, அது ஒன்றுதான் குறை.

கனகசிங்கத்துக்கு இப்போது ஞாபகம் வந்துவிட்டது. லேசுப்பட்டவனா? குரலைத் தணித்துக்கொண்டு, சனத்தைப் பார்த்துச் சொன்னான்.

“ஒம்பது நாளும் ராவிலை எங்கை படுத்தவ எண்டும் கேளுங்கோவன்.”

இதற்குத்தான் அவள் இவ்வளவு காலமும் பயந்தது. இனிப் பயந்து என்ன, தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன.

“ரயில் ஸ்டேசன் வாங்கிலை. இருந்தபடி,” என்றாள். “வேறை என்ன தெரியவேணும்?”

மெஷின் வெளிச்சத்தில் மார்க்கண்டுவின் கை தெரிந்தது, முகம் தெரியவில்லை. லைற்றைப் போடும்படி கனகசிங்கம் அவனுக்குச் சொன்னான். மார்க்கண்டு அசையவில்லை. சிவராசாவின் மனைவி கௌரிதான் எழும்பிப் போட்டாள். மார்க்கண்டு குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதைவிடப் பெரிய அடி அருளம்மாவிடமிருந்து வந்தது.

“நீ வந்து சேந்திட்டாய்தானே, பிள்ளை,” என்றாள் அருளம்மா, மெல்லமாக. “என்ரை பிள்ளை இன்னும் அங்கை கிடக்கு. ஒம்பது நாள் நடந்தா வரலாமெண்டா அவள் நடப்பாள்.”

யோகமலர் இதை எதிர்பார்க்கவே இல்லை. இவ்வளவு மானத்தையும் அவிழ்த்துக் கொட்டியும் பலன் பூச்சியமா? கனகசிங்கம் மூச்சை விட்டுக்கொண்டு, அம்மாவுக்கு உலகம் விளங்கும் என்றான். ஒரு தரம் ஒரு சின்னப் பிழை நடந்துவிட்டதாம், அதற்காக ஆயிரம் பேரைக் கரைசேர்த்ததை மறக்கலாமா என்றும் கேட்டான். சின்னப் பிழை! அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது. ஆனால் கத்தவில்லை. கத்தினால் பைத்தியம் என்று சொல்லிவிடுவான்.

“உம்மடை மனிசி இப்ப எங்கை?” என்று கேட்டாள்.

கொழும்பில், என்றான். சித்திரையில் டென்மார்க்குக்கு வருகிறாள் என்று பெருமையாகவும் சொன்னான்.

“எந்த வழியாலை?”

“அவவுக்கு என்ன வழி? நேர பிளேன். நானே போய்க் கையோடை கூட்டிக்கொண்டு வருவன்.”

சொல்லி முடிக்கிற நேரத்தில்தான் தன் வாயால் என்ன வந்தது என்று அவனுக்கே விளங்கியது. யோகமலர் அருளம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அருளம்மா கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினாள்.

“அப்ப ரெண்டு பேரையும் ஒண்டாய் அனுப்பும், தம்பி. உம்மடை மனிசியும் என்ரை மகளும். பெர்லினாலை, கையைப் பிடிச்சுக்கொண்டு வரட்டும்.”

கனகசிங்கம் கழுத்துப் பட்டியைத் தளர்த்தினான். அது சரிவராது அம்மா என்றான்.

“அப்ப எனக்கும் சரிவராது,” என்றாள் அருளம்மா.

அதோடு முடிந்தது. பின்வரிசையில் தம்பியை எடுப்பிக்க வந்திருந்த பேரின்பநாதன் கோட்டை மாட்டினார். இன்னும் இரண்டு குடும்பம் குளிர் கூடப்போகிறது என்று புறப்பட்டார்கள். ரயில் நிலையம் வரைக்கும் காரில் விடுவதாகச் சொல்லியிருந்த சிவராசா, கார் ஸ்டாட் எடுப்பது கஷ்டம் என்று கூரையைப் பார்த்துச் சொன்னான். கனகசிங்கம் தன்னுடைய ஸ்லைட் பெட்டியைத் தானே அடுக்கினான். ஒருவரும் ஒரு கை கொடுக்கவில்லை.

படியேறுகிற நேரம் மார்க்கண்டுவிடம் ரயில் நிலையம் எந்தப் பக்கம் என்று கேட்டான். வெளியே மைனஸ் இருபத்திரண்டு பாகைக் குளிர்.

அப்போதுதான் மார்க்கண்டு வாய் திறந்தான். “ஏன் அண்ணை இந்தக் குளிருக்குள்ளை நடக்கிறியள்? தெருமுனையிலை போய் நில்லுங்கோ, நான் கார் கொண்டு வாறன்.”

யோகமலருக்கு உலகமே இருண்டுவிட்டது. அவ்வளவும் கேட்டுவிட்டு, அவனுக்கா கார்? மார்க்கண்டு மேலே போய், அண்ணைக்கு மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டான். அவன் வெளியே இறங்கியதும் கதவைச் சாத்தி, பூட்டி, சங்கிலியும் போட்டான். ஆறுதலாகப் படியிறங்கி வந்து மனைவிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, தட்டில் ஒரு றோல்ஸை எடுத்துக் கடித்தான்.

“தம்பி, கார் எடுக்கப் போகேல்லையோ?” என்று அருளம்மா கேட்டாள்.

“எங்களிட்டை ஏது கார்?” என்றான் மார்க்கண்டு. பிறகு யோகமலரைப் பார்த்து, “மலர், ஒரு தேத்தண்ணி ஊத்தும்,” என்றான். அவனுடைய கண் சிவந்திருந்தது.

அவள் மேலே குசினிக்குப் போனாள். யன்னலால் பார்க்கத் தெருமுனை தெரிந்தது. கனகசிங்கம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றான். நல்லாய் நிற்கட்டும் என்று யோகமலர் கேத்திலை அடுப்பில் வைத்தாள்.