உதடு மட்டும்

அதிர்ந்துகொண்டே இருக்கிறது தோளெலும்பில், சுருதி பார்க்கிற டியூனிங் ஃபோர்க்கின் குளிர்ந்த கால், ஞானசிகாமணி சார் அதை முழங்காலில் தட்டி என் கழுத்துக்குக் கீழே ஊன்றிவிட்டார், ஊன்றியதும் பாட்டு நின்றுபோயிற்று, ஐந்தாம் வகுப்பறை முழுக்க என்னைப் பார்க்கிறது, பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு முன்னால் பிள்ளைகள், பின்னால் பெண்கள், கடைசியில் ஆண்கள் என்று நிற்கிற எங்கள் சபைப் பாடகர் குழு, கொயர், பகலில் எனக்குக் கணக்குச் சொல்லித்தருகிற அதே சார்தான் சாயங்காலம் ஊருக்கே பாட்டுச் சொல்லித்தருகிறார், சுருதி தப்புகிறது என்று அவர் யார் தோளில் ஃபோர்க்கை வைக்கிறாரோ அவர்கள் அதன் பிறகு உதட்டை மட்டும் அசைக்க வேண்டும், வெள்ளை அங்கி உண்டு, நிற்க இடம் உண்டு, சத்தம் மட்டும் கூடாது, யாரையும் கொயரை விட்டு அனுப்பியதில்லை என்று சார் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார், ஒனக்கு இனிமே உதடு மட்டும் போதும்மா, கேட்டியா, என்கிறார், எனக்குப் பத்து வயது, தலையாட்டினேன், இன்னும் ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மா என் காதைத் திருகினாள், ஏட்டி, சபைக்கு முன்னால என் மானத்த வாங்கிட்டியே, எங்க குடும்பத்துல தொண்ட இல்லாத பிள்ள ஒண்ணு உண்டுமா, அப்படியே ஒங்கப்பனோட தவளத் தொண்ட, என்றாள், அப்பா எங்களை விட்டுவிட்டுத் தூத்துக்குடியில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார், அதனால் என்னிடம் கோணலாக இருந்ததெல்லாம் அவரிடமிருந்து வந்ததுதான், எனக்கோ பாட வேண்டும், அதைத் தவிர வேறெதற்கும் ஆசைப்பட்டவள் இல்லை நான், கிணற்றடியில் மெல்ல முனகினால்கூட அடுக்களையிலிருந்து, வாய மூடுட்டி, என்று வரும், மூடிக்கொள்வேன்.

சபையே கூடிப் பந்தியில் சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு ஒத்திகை நடக்கிறது, சொன்னபடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கிறேன், கீர்த்தனை மேலே ஏறுகிற இடம் வருகிறது, ஏறும்போது ஒரு குரல் மட்டும் எட்டாமல் கீழே சறுக்குகிறது, என் பிடரிக்கு நேரே, சூடான மூச்சோடு, முன்பு நான் மாட்டிக்கொண்ட அதே இடத்தில், அது அம்மாவின் குரல், எனக்கு நேர் பின்னால் நிற்பவள் அம்மாதான், சார் காதைச் சாய்த்துக்கொண்டு வரிசையோரமாக வருகிறார், அப்பாடா என்று நினைக்கிறேன், அவர் அம்மாவை நிமிர்ந்து பார்க்கிறார், குனிகிறார், ஃபோர்க்கை மறுபடியும் என் தோளில் வைக்கிறார், பிள்ளைகள் சிரிக்கிறார்கள், அம்மா என் முதுகில் கிள்ளுகிறாள்.

எல்லாரும் போன பிறகு கேட்டேன், சார், நான் பாடவே இல்ல சார், தெரியும்மா என்றார், அது எங்கம்ம சார், தெரியும்மா, மொதல்லயிருந்தே தெரியும், ஒங்கப்பன் போன பெறவு அவளுக்குன்னு இருக்கது இந்த ஒரு பாட்டுதான், அதயும் நான் பிடுங்கணுமா, நீ சின்னப் பிள்ள, தாங்கிக்கிடுவ, ஒனக்கு வேற என்னமாவது கெடைக்கும், அம்மட்ட சொல்லிராத, என்று சட்டைப்பையிலிருந்து ஒரு ஆரஞ்சு மிட்டாய் எடுத்துக் கொடுத்தார், அது இனித்துத் தொலைத்தது.

வேறு என்னவெல்லாமோ கிடைத்தன, கல்யாணம், பிள்ளைகள், உள்ளூரிலேயே வேலை, அம்மாவும் எங்களோடுதான், பிள்ளைகள் வரிசையிலிருந்து பெண்கள் வரிசைக்கு நகர்ந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன், உதடு மட்டும்தான், கொயரை விட்டுவிடுகிறேன் என்றால் அம்மா கேட்பதில்லை, நான் பாடுதது ஒனக்குப் பொறாமையா, பேசாம வந்து நில்லு, என்பாள், நீதாம்மா, தப்பு உன்னுடையதுதான் என்று தொண்டை வரைக்கும் வரும், விழுங்கிவிடுவேன், கனவில் மட்டும் சொல்லிவிடுகிறேன், அம்மா கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் அங்கியைக் கழற்றி மடித்து என் கையில் தந்துவிட்டுக் கோயிலை விட்டு இறங்கிப் போகிறாள், அலறி விழித்தால் அடுக்களையில் பாடிக்கொண்டிருக்கிறாள், அதே இடத்தில் சறுக்குகிறாள், அவளை வெறுத்தேன், அவள் பாடுவது நின்றுவிடக் கூடாது என்றும் இருந்தது.

நின்றுவிட்டது, அம்மாவை அங்கியோடுதான் பெட்டியில் கிடத்தியிருக்கிறார்கள், கல்லறைத் தோட்டத்தில் கொயர் அணிவகுத்து நிற்கிறது, ஞானசிகாமணி சார் கம்பை ஊன்றிக்கொண்டு வருகிறார், வந்து என் தோளில் கை வைத்துக் காதருகே குனிகிறார், இனி நீ தாராளமா பாடலாம்மா, என்கிறார், பரிசு கொடுக்கிற மாதிரி, பாவி மனுஷன், பெட்டியை இன்னும் மூடக்கூட இல்லை, பாட்டு தொடங்குகிறது, நான் வாயைத் திறக்கிறேன், ஒவ்வொரு சொல்லுக்கும் உதடு சரியாகக் குவிகிறது, விரிகிறது, சத்தத்தைத் தேடுகிறேன், வெறும் மூச்சுதான் வருகிறது, பாட்டு மேலே ஏறுகிறது, அம்மா சறுக்குவாள் என்று காத்திருக்கிறேன், யாரும் சறுக்கவில்லை, சுத்தமாக ஏறி இறங்குகிறது, கண்ணை மூடித் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்த சார் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொள்கிறார், எவ்வளவு நல்லா பாடுத, ஒங்கம்ம கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பா, என்கிறார், நான் தலையாட்டுகிறேன்.