நிறுத்தக் கூடாத லாரி

ஜூலை 8, செவ்வாய்க்கிழமை. சித்தூர்.

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். ஓடிக்கொண்டிருந்த லாரி இன்ஜினை நிறுத்திவிட்டேன். சின்னது என்று எழுதிவிட்டேனே தவிர, சின்னதுதானா, தவறுதானா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை. திருப்பதியில் நான் போகிற மாலை வகுப்பில், அலுவலகக் குறிப்பு எழுதும்போது முதலில் நடந்ததை எழுது, பிறகு காரணத்தை எழுது, கடைசியில் அபிப்பிராயம் சொல் என்பார்கள். அப்படியே எழுதிப் பார்க்கிறேன். இன்றைய வகுப்புக்குப் போகவில்லை.

அம்மா வெதுருகுப்பத்தில் குத்தகைக்கு எடுத்த மாந்தோப்பின் காய் முழுவதும் இந்த ஒரு லாரியில் இருக்கிறது. எல்லாம் தோதாபுரி. சந்தையில் கூடை வைத்து விற்றுத் தீர்க்கிற காய் அல்ல. ஜூஸ் ஃபேக்டரி எடுத்தால்தான் உண்டு. எங்களுக்குக் கிடைத்த டோக்கன் இன்றைய தேதிக்கு. மாலை ஆறு மணிக்குள் லாரி ஃபேக்டரி கேட்டைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் அடுத்த டோக்கன் எப்போது என்று யாரும் சொல்வதில்லை. போன வாரம் டோக்கன் தவறியவர்கள் சாலையோரத்தில் கொட்டிவிட்டுப் போன காய்களை மாடுகள் மோந்து பார்த்துக்கொண்டு நின்றன. காலையில் அதைத் தாண்டித்தான் வந்தோம். அம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

லாரி கோவர்த்தனன் மாமாவுடையது. உறவுக்காரர் இல்லை, புத்தூரில் எங்கள் தெருக்காரர். அம்மா அவரை அண்ணா என்று கூப்பிடுவதால் எனக்கு மாமா. சீசனில் வேறு லாரி கிடைக்கவில்லை. இந்த லாரிக்கு செல்ஃப் மோட்டார் வேலை செய்யாது என்பது லோடு ஏற்றி முடித்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதனால் மாமா எங்கே நிறுத்தினாலும் இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவார். பிரேக்கை விட்டு உருளவிட்டு, கியரில் போட்டு கிளட்சை விட்டால் இன்ஜின் ஓடத் தொடங்கிவிடும்.

"செல்ஃப் ரிப்பேர் பண்ணாதான் இன்னாண்ணா?" என்றாள் அம்மா.

"இந்த சீசன் முடியட்டும்மா. போன சீசன்லயும் அதான் நெனச்சேன்."

"அதுக்கு முந்தின சீசன்ல?"

"அப்ப பேட்டரியே இல்ல."

பெனுமூர் தாண்டியதும் இன்ஜின் இருமியது. இரண்டு தடவை குலுங்கி நின்றுவிட்டது. மாமா இருக்கைகளுக்கு நடுவில் இருக்கும் இன்ஜின் மூடியைத் திறந்து, கையால் தடவியே கண்டுபிடித்தார். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் பம்ப் போய்விட்டது. மாற்றுப் பம்ப் சித்தூரில்தான் கிடைக்கும். சித்தூருக்குப் போகத்தான் பம்ப் வேண்டும்.

அவர் காலி ஆயில் கேன் ஒன்றைத் துடைத்தார். டேங்கில் குழாயை விட்டு வாயால் உறிஞ்சி, கேனில் டீசல் நிரப்பினார். அதை கேபின் மேல் கயிற்றால் கட்டி, குழாயை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து ஃபில்டரில் மாட்டினார்.

"பம்ப் இல்லாம வருமாண்ணா?" என்றாள் அம்மா.

"மேலேர்ந்து கீழ எறங்கறதுக்கு டீசலுக்கு யாரும் சொல்லித்தர வேணாம். பாப்பா, நீ வா, ஏர் எடுக்கணும்."

என் வேலை, ஃபில்டர் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, நுரை நின்று வெறும் டீசல் வரும்வரை பார்த்து, மறுபடி முடுக்குவது. சரியாக முடுக்கினேனா என்ற சந்தேகத்தில் மறுபடி தளர்த்திப் பார்த்தேன். மறுபடி நுரை வந்தது. "கையை எடு" என்று மாமாவே முடித்தார். நல்ல வேளை, நின்ற இடம் இறக்கம்.

அடுத்தது ரேடியேட்டர். ரப்பர் ஹோஸ் பிளந்து ஆவி அடித்தது. பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி வாங்கி, இழுத்து இழுத்துச் சுற்றி, கம்பியால் கட்டினார். ரேடியேட்டரிலும் ஊசி ஓட்டை இருந்தது. அதை அடைக்க மஞ்சள்தூள் கரைத்து ஊற்ற வேண்டும். பக்கத்துப் பெட்டிக்கடையில் இருந்த பாக்கெட் எல்லாவற்றையும் கேட்டதும் கடைக்கார அம்மா, "இன்னா விசேஷம்?" என்றாள்.

"லாரிக்குதாம்மா" என்றார் மாமா.

"அப்ப குங்குமமும் எடுத்துக்கினு போ. மஞ்சளோட நிறுத்திட்டா அது கோச்சுக்கும்."

மஞ்சள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே மாமா என்னிடம் சொன்னதை இங்கே அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். "பாப்பா, இந்த சூடு முள்ளைப் பாத்துக்கினே இரு. சிவப்புக்குப் போச்சுன்னா யாரையும் கேக்காத, நிறுத்திடு. சூட்டுல இன்ஜின் இறுகிப் புடிச்சிக்கினா அப்பறம் இதைக் காயலான் கடைக்காரன்கூட தொடமாட்டான்."

சித்தூருக்கு வெளியே ஃபேக்டரி வரிசையின் கடைசியைப் பிடித்தபோது மூன்று மணி இருக்கும். ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் முள்வேலி, நடுவில் ஒரு லாரி மட்டும் போகிற பாதை, மெதுவாக ஏறும் மேடு. வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் இருக்கும் லாரி நகர்ந்தால் நாமும் நகர வேண்டும். நகராமல் விட்ட இடம் நம்முடையதல்ல. பக்கச் சந்துகளில் டோக்கன் தேதி தவறிய லாரிகள் அந்த இடைவெளிக்காகவே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும்.

"இங்க மட்டும் நிறுத்தவே கூடாது" என்றார் மாமா. "ஏத்தம். நிறுத்தினா ரேஷன் கார்டை இந்த அட்ரஸுக்கு மாத்திக்க வேண்டியதுதான்."

இதையும் கேட்டேன். இரண்டும் என் நினைவில் இருந்தன.

அரை மணிக்கு ஒரு முறை ஒரு லாரி நீளம் நகர்ந்தோம். மாமா இரண்டு குடம் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனார். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, என்னை டிரைவர் இருக்கையில் உட்காரவைத்து, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி இருக்கச் சொன்னார். அம்மா லோடு மேலே தார்ப்பாயைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சூடு முள் ஏறியது. சிவப்பைத் தொட்டது. தொட்டதா, தொடப்போகிறதா என்று குனிந்து பார்த்தேன். தாண்டிவிட்டது. நான் நிறுத்தும் குமிழை இழுத்தேன்.

இன்ஜின் சத்தம் போனதும் மேலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "இன்னாடி ஆச்சு?"

"நிறுத்திட்டேன்மா."

"யாரு சொன்னா?"

"மாமாதான்."

"எப்ப?"

"காலையில."

மாமா குடங்களோடு வந்து, லாரியைப் பார்த்து, என்னைப் பார்த்து, குடங்களைக் கீழே வைத்தார். முள்ளைப் பார்த்தார். சாக்கை மடித்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். மஞ்சள் ஆவி அவர் முகம் உயரத்துக்கு எழுந்தது.

அப்போதுதான் முன்னால் இருந்த லாரி நகர்ந்தது.

பின்னால் ஹாரன். எங்களுக்கு முன்னால் ஒரு லாரி நீளத்துக்குத் தார் ரோடு காலியாகக் கிடந்தது. முள்வேலி முடிகிற சந்திலிருந்து ஒரு லாரி உறுமிக்கொண்டு தலையை நீட்டியது. அம்மா லோடிலிருந்து எப்படி இறங்கினாள் என்று நான் பார்க்கவில்லை. பார்த்தபோது அந்தக் காலி இடத்தின் நடுவில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

"தப்புக்கோம்மா, தள்ளிப் போ" என்று சந்து லாரிக்காரன் கத்தினான்.

"இது லாரி நிக்கிற எடம்" என்றாள் அம்மா.

"லாரி எக்கட?"

"வரும்."

அவன் ஹாரன் அடித்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

பின் லாரியிலிருந்து ஹேமநாத் என்ற டிரைவர் இறங்கி வந்தார். சித்தூர்க்காரர். அவருக்கும் இன்றைய டோக்கன்தான். "ஏமண்ணா, இங்கயே வூடு கட்றியா? கிரகப்பிரவேசத்துக்கு என்னைக் கூப்புடுவியா?"

"செல்ஃப் இல்ல அண்ணா. ஏத்தம். உருட்ட முடியாது."

"நீ போவலன்னா நான் எப்படி போறது? கால்வாயில நீந்தியா?"

"நீ தள்ளினா போவும்."

"என் பம்பர் போனா யாரு பாக்கறது?"

"நடுவுல ஸ்டெப்னி டயரைக் கட்டிக்கலாம்."

ஹேமநாத் முன்னால் நின்ற அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்த அம்மா மேல ஏத்திடாத" என்று சொல்லிவிட்டுக் கயிறு எடுக்கப் போனார்.

டயரைப் பம்பரில் தொங்கவிட்டார்கள். நான் ஃபில்டரில் ஏர் இருக்கிறதா என்று பார்த்தேன். இந்த முறை ஒரே தடவை. சக்கரத்துக் கல்லை எடுத்ததும் பின்னாலிருந்து இடித்தது. லோடு முழுவதும் முனகியது. மாமா கிளட்சை விட்டார். இன்ஜின் ஒரு தடவை திமிறி அடங்கியது. மறுபடி இடித்தது. கறுப்பாகப் புகை கக்கிக்கொண்டு இன்ஜின் ஓடத் தொடங்கியது. "யசோதா, ஓரம் போ" என்று மாமா அம்மாவைப் பார்த்துத் தலையை நீட்டிக் கத்தினார். பம்பர் அருகில் வரும்வரை அம்மா விலகவில்லை.

கேட்டை அடைந்தபோது காவலாளி ஒரு கதவைச் சாத்தியிருந்தார். "டைம் அயிபோயிந்தி" என்றார், நேரம் முடிந்துவிட்டதாம். அம்மா இறங்கிப்போய்ச் சாத்தாத கதவைப் பிடித்துக்கொண்டு, "உள்ள இருக்கிற கடியாரத்தைப் பாத்துட்டு வா நைனா, நான் இங்கயே இருக்கேன்" என்றாள். அவர் பார்க்கப் போகவில்லை. நாங்கள் நுழைந்தோம். எங்கள் பம்பரை ஒட்டிக்கொண்டே ஹேமநாத்தும் நுழைந்துவிட்டார்.

உள்ளே வரிசையில் நின்றதும் மாமா என்னிடம், "இப்ப நிறுத்து" என்றார். நான் குமிழை இழுத்தேன்.

இறக்குவது காலையில்தான். சூப்பர்வைசர் தார்ப்பாயைத் தூக்கி இரண்டு காயை அறுத்துப் பார்த்தார். கேபின் பக்கத்து மேல் வரிசை இன்ஜின் சூட்டில் இளகியிருக்கிறது, இளகியது கலந்திருந்தால் லோடு முழுவதையும் திருப்பிவிடுவேன் என்றார். வந்ததுவரை சரி என்று அம்மா அதையும் கேட்டுக்கொண்டாள்.

சாப்பிடும்போது மாமாவிடம் கேட்டேன். "நான் நிறுத்தினது தப்பா மாமா?"

"நிறுத்தாம இருந்தா இன்ஜின் இறுகிப் புடிச்சிருக்கலாம். புடிக்காமலும் இருந்திருக்கலாம்." புளிச்சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "நான் இருந்தா இன்னா பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியல."

"பேசாம துன்னுங்க ரெண்டு பேரும்" என்றாள் அம்மா. அவள் உள்ளங்காலில் தார் ஒட்டியிருந்தது. செருப்பு லோடு மேலேயே இருந்திருக்கிறது.

அபிப்பிராயம் எழுத இடம் விட்டு வைத்திருக்கிறேன். இன்று எழுத முடியாது. கண் சொருகுகிறது.

நாளை: வெளிச்சம் வந்ததும், சூப்பர்வைசர் வருவதற்கு முன்னால், தார்ப்பாயை அவிழ்த்து மேல் வரிசைக் காய்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, இளகியவற்றைத் தனியாகச் சாக்கில் போட வேண்டும். கேபின் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.