இளைக்கிற சூப்

ஷார்ஜாவிலிருந்து சமீர் வீடியோ காலில் வரும்போது அஃப்ரின் கையில் சூப் கிண்ணம் இருந்தாக வேண்டும். குற்றாலம் சீசனுக்கு அவன் ஊர் வருவதற்குள் பெண்டாட்டி இளைத்துவிட வேண்டுமாம். அதனால் ராத்திரிச் சோறு கிடையாது, காய்கறி சூப் மட்டும்தான்.

காய்ச்சிக் கொடுப்பவள் மாமியார் சுல்தான் பீவி. அவளுக்குத் தெரிந்த சூப்பெல்லாம் பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேறக் கொடுக்கும் ஆட்டுக்கால் சூப்தான். பட்டினி கிடக்கிற மருமகளுக்கு முட்டைக்கோசுத் தண்ணியைக் கொடுக்க அவளுக்குக் கை வருமா? அந்த ஆட்டுக்கால் சூப்பையே காய்ச்சி, நெய்யும் விட்டுக் கொடுத்தாள்.

"குடிம்மா. அவங்கிட்ட சொல்லாண்டாம்."

வாசனை போன் வழியாகப் போகாது. ஆனால் இன்று எடை மெஷினில் ஏறி நின்று காட்டச் சொன்னான். மூன்று கிலோ கூடியிருந்தது.

"ஏட்டி, ஒளிச்சு வச்சு பரோட்டா திங்கியா?"

கதவோரம் மாமி உதட்டில் விரலை வைத்து நின்றாள். அவளைக் காட்டிக்கொடுத்தால் நாக்கு அழுகிப்போகும்.

"சத்தியமா சூப்பு மட்டுந்தான் குடிக்கேன் மச்சான்."

"அப்பம் நாளையிலருந்து காலையிலயும் சோறு வேண்டாம். சூப்பயே குடி."

மாமியின் முகம் மலர்ந்தது. அப்போதே கறிக்கடைக்குப் போன் போட்டு, இன்னொரு சோடிக் கால் சேர்த்து எடுத்துவைக்கச் சொன்னாள்.